நாற்பத்தேழாவது வரி

இப்போதே சொல்லிவிடலாம். திருஞானம் சார் லேப்டாப் வயரை டிவியில் செருகுவதும் எடுப்பதுமாக இருக்கிறார், படம் இன்னும் வரவில்லை, இந்த இடைவெளியில் சொன்னால் அது பெரிய விஷயமாகவே ஆகாது, சார் அந்த டெஸ்டை எழுதினது நான், ஜெபஸ்டின் சார் இல்லை, அவ்வளவுதான், ஒரு மூச்சில் முடிந்துவிடும். படம் வந்துவிட்டது. சரி, முதல் ஸ்லைடு முடியட்டும். இந்த அறைக்கு நொய்யல் என்று பெயர், பக்கத்து அறை பவானி, அதற்கடுத்தது அமராவதி, ஊரில் வற்றிப்போன ஆறெல்லாம் எங்கள் ஆபீஸில் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. மணி மூன்று ஐந்து. மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதம் இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது. உள்ளே உறுத்தல் இருந்தால் சோறு இறங்காது என்று நினைத்திருந்தேன், நன்றாகவே இறங்குகிறது, பதினோரு நாளில் ஒரு வேளை விட்டதில்லை, தூங்கியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி ஜாருக்கு பிளேடு மாற்றிக்கொண்டு வந்து கடைக்காரர் நல்ல பிளேடு போடவில்லை என்று வீட்டில் அரைமணி நேரம் நியாயம் பேசியிருக்கிறேன். நியாயம். எதிர் நாற்காலியில் ஜெபஸ்டின் சார் நோட்டைத் திறந்து மேலே வலது மூலையில் தேதி போடுகிறார். பாலிடெக்னிக்கில் பதினெட்டு வருஷம் பாடம் நடத்தியவர், தேதி போடாமல் ஒரு வரி எழுதமாட்டார். நான் அவர் நோட்டையே பார்க்கிறேன், முகத்தைப் பார்ப்பதை விட்டு நாளாகிவிட்டது.

"இது யாரையும் குற்றம் சொல்றதுக்கான கூட்டம் இல்லை" என்று ஸ்லைடில் இருப்பதைத் திருஞானம் சார் வாய்விட்டுப் படிக்கிறார். ஒவ்வொரு தடவையும் படிப்பார். தப்பு எங்கே நடந்தது என்று மட்டும்தான் பார்ப்போம், யார் செய்தது என்று கேட்கமாட்டோம், அதுதான் முறை. கேட்கவே வேண்டாம், கோடு ஃபைலைத் திறந்தால் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயர் சாம்பல் நிறத்தில் நிற்கும், எல்லோரும் அதைப் பார்ப்பார்கள், யாரும் பார்க்காத மாதிரி இருப்பார்கள். இரண்டாவது ஸ்லைடு. பெருந்துறைப் பக்கத்து டயாலிசிஸ் மையம், போன வாரத் திங்கட்கிழமை, இரண்டு மெஷின் ரிப்பேர், இருபத்து மூன்று பேருடைய முறை மாற்றப்பட்டது, மாற்றியதாகத் திரையில் காட்டியது, ஒருவருக்கும் மெசேஜ் போகவில்லை. அந்த மெசேஜை அனுப்புவதற்கு எங்கள் கோடில் ஒரு கிளாஸ், அதற்கென்றே எழுதிவைத்த ஒரு தொகுதி, உண்டு. அதில் சென்ட் என்று இருந்த ஒரே மெத்தடை, அனுப்பு என்கிற கட்டளையை, ஜெபஸ்டின் சார் இரண்டாகப் பிரித்தார், நோயாளிக்கு ஒன்று, கூட வருகிறவருக்கு ஒன்று, புதுப் பெயர்கள், பதினான்கு ஃபைலில் மாற்றினார், பதினைந்தாவது விட்டுப்போனது. மெஷின் ரிப்பேரானால் முறையை மாற்றுகிற ஃபைல் அது. அங்கே பழைய பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் கோடு எழுதுகிற ஜாவாஸ்கிரிப்ட் மொழி முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாது, ஓடும்போதுதான் விழும், விழுந்ததையும் கீழே நாங்கள் கட்டியிருந்த வலை பிடித்துக்கொண்டு யாரும் திறந்து பார்க்காத லாக் பதிவில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டது. ஒரு ஃபைல் விட்டுப்போவது யாருக்கும் நடக்கும். அப்படி விட்டுப்போனதைப் பிடிக்கத்தான் டெஸ்ட். அந்த ஃபைலுக்கு டெஸ்ட் இருந்தது, அன்றைக்கு ஓடியது, பச்சை டிக் போட்டது. அவர் அந்தப் பச்சையை நம்பினார்.

பச்சை ஏன் வந்தது என்று இந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். டெஸ்ட் செய்யும்போது நிஜமான மெசேஜ் கிளாஸை ஓடவிட முடியாது, யாருக்காவது உண்மையிலேயே மெசேஜ் போய்விடும், அதனால் அதன் இடத்தில் ஒரு போலியை நிறுத்துவோம், மாக் என்போம். போலியை இரண்டு விதமாகச் செய்யலாம். கிளாஸிலிருந்தே பிறப்பிக்கலாம், அப்போது அதில் என்னென்ன மெத்தட் உண்டோ அதுதான் போலியிலும் இருக்கும், அங்கே பெயர் மாறினால் இங்கே டெஸ்ட் சிவந்துவிடும். இல்லையென்றால் கையாலேயே ஒரு பொருளைச் செய்து, இதற்கு சென்ட் என்று ஒரு மெத்தட் இருக்கிறது, யார் கூப்பிட்டாலும் அனுப்பிவிட்டேன் என்று சொல்லும் என்று நாமே எழுதிவிடலாம். நான் கையால் செய்தேன். அதற்கு ஒரு நல்ல காரணம் இருந்திருக்கக்கூடாதா. குழந்தைக்குக் காய்ச்சல், டெட்லைன், பவர்கட், ஏதாவது. ஒன்றும் இல்லை. ஒரு புதன்கிழமை சாயங்காலம், நிறைய நேரம் இருந்தது, கிளாஸிலிருந்து பிறப்பிக்க முயற்சி செய்தேன், வரவில்லை. டெஸ்ட் செய்யவேண்டிய கோடு உள்ளுக்குள்ளேயே நியூ போட்டு அந்தக் கிளாஸுக்கு ஒரு பிரதியை, இன்ஸ்டன்ஸை, உருவாக்கிக்கொள்கிறது, அந்த இன்ஸ்டன்ஸை வெளியிலிருந்து நான் பிடிக்கவேண்டும், பிடித்தால் அன்டிஃபைன்ட் என்கிறது, வேறு மாதிரி எழுதினால் கன்ஸ்ட்ரக்டர் இல்லை என்கிறது. முக்கால் மணி நேரம். யாரிடமாவது கேட்டிருக்கலாம். பதினோரு வருஷ அனுபவம் உள்ளவள் யாரிடம் போய் இதைக் கேட்பாள். கடைசியில் கையால் நாலு வரி எழுதினேன், பச்சை வந்தது, சாப்பாட்டு டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். சோம்பேறித்தனம் என்றால்கூட மானம் கொஞ்சம் மிஞ்சும், எனக்குத் தெரியவில்லை என்பதுதான் நிஜம். அதற்கு அடுத்த மாதம் புதிதாக வந்தவர்களுக்கு மாக் எப்படிச் செய்வது என்று வகுப்பு எடுத்தது யார் என்றால், அதுவும் நான்தான். எங்கிருந்தோ ஒரு எளிய உதாரணத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு பெரிய தோரணையில் நடத்தினேன். ஜெபஸ்டின் சார் முதல் வரிசையில் உட்கார்ந்து கையைத் தூக்கினார், வகுப்பில் கையைத் தூக்கிக் கேட்ட ஒரே ஆள். "மேடம், நிஜ கிளாஸ்ல பேரு மாறினா இந்தப் போலிக்கு எப்படித் தெரியும்?" நான் சிரித்தேன். "அதுக்குத்தான் சார் கையால எழுதக்கூடாதுங்கறது. கிளாஸ்லேருந்தே எடுத்தா தானா மாறிக்கும்." அவர் அதைத் தேதி போட்டு எழுதிக்கொண்டார். எழுதுவதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் நாலு வரி ஞாபகத்துக்கு வந்தது, நாளைக்குச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன், டீ வந்தது, பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன்.

திருஞானம் சார் ஃபைலைத் திறக்கிறார். மெதுவாகக் கீழே உருட்டுகிறார், பன்னிரண்டு, முப்பது, நாற்பது, நாற்பத்தேழு, அதுதான், நிற்கிறது. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஜெபஸ்டின் என்று இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதை நினைத்தால் எனக்குக் காது சுடுகிறது. போன ஜூனில் டெஸ்ட் ஃபைல்கள் கண்ட இடத்தில் கிடக்கின்றன என்று நான்தான் அவரிடம் சொன்னேன், எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குக் கொண்டுபோங்கள் சார் என்று. அவர் கொண்டுபோனதோடு நிற்கவில்லை. கோணல்மாணலாக இருந்த வரிகளை ஒழுங்காக இடம்விட்டு அடுக்கினார், மேற்கோள் குறிகளை ஒரே மாதிரி ஆக்கினார், லேப் ரெக்கார்ட் நோட்டு திருத்துகிறவரின் கை அது. அதனால் வரி அவருடையதாகிவிட்டது. அவர் சுத்தமாக வேலை செய்தார், என் குப்பையில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. போன வியாழக்கிழமை திருஞானம் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சுகந்தி, அந்த மாக் ஜெபஸ்டின் எழுதினது போல இருக்குதுங்க. கையால எழுதி வெச்சிருக்காரு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவருக்கு கன்ஃபர்மேஷன், வேலையை நிரந்தரம் பண்ணணும். வயசானவரு, பாவம்தான். ஆனா இதை வெச்சு யோசிக்க வேண்டியதா இருக்குது. நீங்க என்ன சொல்றீங்க?" நான் ம் என்றேன். அந்த ம்மை நான் பதினாயிரம் தடவை கேட்டுவிட்டேன். அது ஆமாம் இல்லை, இல்லை என்றும் இல்லை, யோசிக்கிறேன் என்று ஒரு அர்த்தம் சொல்லிக்கொள்ளலாம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று இன்னொரு அர்த்தம். கோர்ட்டில் வைத்துக் கேட்டால்கூட நான் பொய் சொன்னதாக ஆகாது. இப்படிக் கணக்காக ஒரு ம் எனக்கு எங்கிருந்து வந்தது. பொய்யாவது சொல்லியிருந்தால் பயத்தில் சொன்னேன் என்று இருக்கும். நாளைக்கு வெள்ளிக்கிழமை.

"மையத்துலேருந்து ஒரு கால் ரெக்கார்டிங் அனுப்பியிருக்காங்க, எல்லாரும் ஒருதரம் கேட்டுக்குவோம்" என்கிறார். வேண்டாம். ஸ்பீக்கர் ஆனாகிவிட்டது. ஒரு பெண் குரல், பின்னால் பஸ் ஸ்டாண்ட் சத்தம், அறச்சலூரிலிருந்து வந்த சென்னியப்பன் என்பவருடைய மருமகள். "ஏனுங்க, மெஷினு ரிப்பேருன்னா ஆகட்டுங்க, அது யாரு கையிலயும் இல்லீங்க. முறை நாளைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க வந்திருக்கவே மாட்டமுங்க. மாமன் விடியால நாலு மணிக்கு எந்திரிச்சு வந்தாருங்க. ரெண்டு மணி வரைக்கும் படிக்கட்டுலயே உக்கார வெச்சிருந்தனுங்க. காலெல்லாம் வீங்கிக் கெடக்குது. தண்ணி கேக்கறாரு, எனக்குக் குடுக்கறதுக்குப் பயமா இருக்குதுங்க." தண்ணி கேட்கிறார், கொடுக்கப் பயமாக இருக்கிறது. டயாலிசிஸ் தள்ளிப்போகிறவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும், அளந்துதான் கொடுக்கவேண்டும், இந்த ப்ராஜெக்டுக்கு வந்த புதிதில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அதை ஸ்லைடில் படித்தேன். படித்தபோது அது ஒரு வரி. எனக்கு முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கிறது, முக்கால்வாசி குடித்திருக்கிறேன். மறுநாள் அவருக்கு மூச்சுத்திணறல் வந்து இரண்டு நாள் படுக்கையில் வைத்துப் பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், நன்றாக இருக்கிறார், அதைக் கேள்விப்பட்டபோது முதலில் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, நிம்மதி, இனி இது பெரிதாகாது என்ற நிம்மதி. அவருக்காக இல்லை. எனக்காக. படிக்கட்டு எப்படி இருக்கும், வெயில் விழுமா, அந்தப் பெண் அவர் தலைக்கு முந்தானையைப் பிடித்திருப்பாளா. நான் கையால் செய்த போலி அவருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன் என்று சொல்லிப் பச்சை காட்டியது. ரெக்கார்டிங் நின்றுவிட்டது.

"ஜெபஸ்டின் சார், இந்த வரியைப் பத்திக் கொஞ்சம் சொல்றீங்களா?" சொல்லப்போகிறார். இப்போது அவரே அந்த ஃபைலின் பழைய வெர்ஷனைத் திறந்து காட்டிவிட்டால் எனக்கு வேலை மிச்சம். சீ. இப்படியும் ஒரு நினைப்பு வருகிறது, வரும்போதே ஆறுதலாகவும் இருக்கிறது. அவரே கண்டுபிடித்துவிட்டால் நான் ஆச்சரியப்பட்ட முகத்தைக் காட்டலாம், அட, ஆமாம் சார், மறந்தேபோய்விட்டேன் என்று. அந்த முகத்தைக்கூட என்னால் இப்போதே செய்துபார்க்க முடிகிறது, புருவம் எந்த அளவுக்கு உயரவேண்டும் என்பது வரைக்கும். அவர் எழுந்து நிற்கிறார், உட்கார்ந்தே பேசலாம், இருந்தாலும் நிற்கிறார். "சார், ஒரு ஃபைலை நான் விட்டுட்டேன். அது என் தப்புதான். தேடும்போது அதுல வேரியபிள் பேரு வேற மாதிரி இருந்ததால எனக்குக் கண்ணுல படல. டெஸ்ட் பச்சையா இருந்துச்சு, அதனால மேல பார்க்கல." திருஞானம் சார் திரையைக் காட்டுகிறார். "அது சரிங்க, டெஸ்டுல இந்த மாக்கைக் கையால எழுதியிருக்கறதைப் பத்திக் கேக்கறேன். சுகந்தி எடுத்த வகுப்புல இதைச் சொல்லித்தான் குடுத்தாங்க, இல்லீங்களா?" சொல்லித்தான் கொடுத்தாங்க. என் பெயர் நல்ல பக்கத்தில் வருகிறது. ஜெபஸ்டின் சார் திரையைப் பார்க்கிறார், அப்புறம் என்னை, நான் அவர் நோட்டைப் பார்க்கிறேன். "சொல்லிக்கொடுத்தாங்க சார்" என்கிறார், "மேடம் நல்லாத்தான் சொல்லிக்கொடுத்தாங்க." அவ்வளவுதான், அதற்குமேல் சொல்லவில்லை, நின்றுகொண்டிருக்கிறார். நாற்பத்து நாலு வயசு. அந்தப் பாலிடெக்னிக்கை மூடியபிறகு இரண்டு வருஷம் வீடு வீடாக டியூஷன் எடுத்துவிட்டு, தன்னிடம் படிக்க வேண்டிய வயசுக்காரர்களோடு உட்கார்ந்து கோடிங் கற்றுக்கொண்டு, குடும்பத்தை மார்த்தாண்டத்தில் விட்டுவிட்டு, சரவணம்பட்டியில் பேச்சிலர் பையன்களோடு ஒரு ரூமில் இருக்கிறார். வகுப்பில் பதில் தெரியாத மாணவன் நிற்கிற மாதிரி நிற்கிறார். பதில் எனக்குத்தான் தெரியும். ரிப்போர்ட்டில் காரணம் என்ற கட்டத்தில் திருஞானம் சார் டைப் செய்ய ஆரம்பிக்கிறார். நான் என்ன இழப்பேன். வேலை போகாது, என்னை அனுப்பமாட்டார்கள், ஒரு வருஷம் ப்ரமோஷன் தள்ளும், இதுகூட முதல் நாளே யோசித்துப் பார்த்ததுதான். பயந்தது அதற்கில்லை. தெரியாது என்பது வெளியே வந்துவிடும், வகுப்பு எடுத்தவளுக்கே ஒரு மாக் செய்ய வரவில்லை என்று பவானியிலும் அமராவதியிலும் உட்கார்ந்து பேசுவார்கள். இதற்குத்தானா. இவ்வளவு சின்னதற்கா ஒரு மனிதனை நிற்கவைத்திருக்கிறேன்.

"சார்." என் குரல்தான், வேறு யாரோ கூப்பிட்ட மாதிரி நானும் நிமிர்ந்து பார்க்கிறேன். "அந்த மாக் ஜெபஸ்டின் சார் எழுதினதில்லைங்க. நான் எழுதினது." திருஞானம் சார் கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "இல்லீங்களே, பேரு அவரோடதுதானே வருது." "ஃபோல்டர் மாத்தி வரியை அடுக்கினது மட்டும்தான் சார் அவரு. அதுக்கு முந்தின வெர்ஷனைப் பாருங்க." பார்க்கிறார். திரையில் என் பெயர் வருகிறது, புதன்கிழமை, மாலை ஐந்து இருபது. அவர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்க்கிறார். "போன வாரம் உங்ககிட்ட கேட்டேனே." "கேட்டீங்க. அப்பவே எனக்குத் தெரியும். கிளாஸ்லேருந்து எடுத்துச் செய்ய எனக்கு வரலை, அதனால கையால எழுதினேன். வரலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு." சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், லேசாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. திருஞானம் சார் டைப் செய்ததை அழிக்கிறார், ஒவ்வொரு எழுத்தாக அழிகிறது. "சரிங்க. ரிப்போர்ட்டை நான் மாத்தறேன். ஜெபஸ்டின் சார், நாளைக்கு உங்க விஷயம் ஒண்ணும் பிரச்சினையில்லை, கவலைப்படாதீங்க. சுகந்தி, நீங்க அஞ்சு மணிக்கு என்னை வந்து பாருங்க." வயரைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார், மற்றவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். டிவி வெறும் நீலமாகிவிட்டது. இப்போது ஜெபஸ்டின் சார் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும். பார்க்கிறேன். அதில் கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை. ஆச்சரியம் இல்லை என்பது எனக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆகிறது.

"சார், மன்னிச்சுக்குங்க" என்கிறேன். "எனக்குத் தெரியும் மேடம்" என்கிறார். "முதல் நாளே பார்த்துட்டேன். பழைய வெர்ஷன்ல உங்க பேரு இருந்துச்சு." முதல் நாளே. பதினோரு நாள், கேன்டீனில் எதிரே உட்கார்ந்து, லிஃப்டில் பக்கத்தில் நின்று, காலையில் குட்மார்னிங் மேடம் என்று. "அப்புறம் ஏன் சார் நீங்க சொல்லலை? இப்பக்கூடக் கேட்டாரே." அவர் நோட்டை மூடுகிறார், பேனாவைச் சட்டைப்பையில் குத்துகிறார். "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஒரு ரெண்டு மூணு நாள் இருந்தேன். பிறகு நீங்க என் முகத்தையே பார்க்கல. சரி, இவங்களால முடியல போலன்னு விட்டுட்டேன். நான் எடுத்துக் காட்டினா எல்லாருக்கும் முன்னால உங்களுக்கு அசிங்கமாயிரும்லா." எனக்கு அசிங்கமாகிவிடும் என்று. அவர் அதை யோசித்திருக்கிறார், தன்னுடைய வெள்ளிக்கிழமையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை யோசித்திருக்கிறார். அவர் ஃபோனை எடுத்து யாரையோ தேடுகிறார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "ஒரு நிமிஷம் மேடம், ஒரு கால் பண்ணிக்கிடுறேன். வேலை இருக்காதுன்னு நினைச்சு நேத்தே வீட்டுக்காரருகிட்ட ரூமை விடுறேன்னு சொல்லிட்டேன், வேற ஆளுக்குக் குடுத்துட்டாரோ என்னவோ." காதில் வைக்கிறார். மணி போகிற சத்தம் எனக்கும் கேட்கிறது. "அண்ணே, ஜெபஸ்டின் பேசுறேன். மேல் ரூம்ல என் இடம்... அது இன்னும் இருக்குதா?" அந்தப் பக்கம் ஒருவர் நீளமாக ஏதோ சொல்கிறார், இவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், சரிங்கண்ணே, சரிங்கண்ணே என்கிறார். என்ன சொன்னார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை, கேட்காமல் எழுந்துபோகவும் மனசில்லாமல், அவர் ஃபோனை வைக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.